தறிக்குழியில் ஊறின தண்ணீர்

லேபுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, மீட்டரை எப்படிப் பிடிப்பது, பாட்டிலை எப்படிக் கழுவுவது என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு நன்றாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் பிளஸ் டூ. வெம்பாக்கம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. மேலே படிக்க வழியில்லை. கல்யாணமாகி ஆரணிக்கு வந்தேன். கல்லூரியில் சிவில் துறையின் தண்ணீர் லேபில் உதவியாளராகச் சேர்ந்தேன். ரிடையர் ஆகும்வரை அதே லேப், அதே ஜன்னலோரத்து மேஜை.

தினமும் காலையில் விளக்கேற்றிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். "என் கையால இன்னிக்கு யாருக்கும் கெடுதல் வரக்கூடாது தாயே" என்று வேண்டிக்கொள்வேன். சம்பள உயர்வும் கேட்டிருக்கிறேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் முதலில் கேட்பது அதுதான். ஏனென்றால் நம் வேலை தண்ணீரோடு. தண்ணீரில் நாம் செய்கிற தப்பு நம் வீட்டுக்கு வராது, வேறு யார் வீட்டுக்கோ போய்விடும். அப்படி ஒரு தடவை போனது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைக்கிறேன்.

நான் வேலை கற்றுக்கொண்டது ஒரு பேராசிரியரிடம். பேர் போட்டால் அவருக்குப் பிடிக்காது, அதனால் சார் என்றே சொல்கிறேன். தெற்கேயிருந்து வந்தவர். ஊருக்குள் விழுகிற மழை எந்த வழியாக ஓடுகிறது, எங்கே இறங்குகிறது, அதில் எவ்வளவை ஊர் பிடித்து வைக்கலாம், இதுதான் அவருடைய படிப்பு, ஆராய்ச்சி, பேச்சு எல்லாம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தலிலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்ப்பார். கோபம் வந்தால் கையில் இருக்கிற பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்து உடைத்தேவிடுவார். பேனா வாங்கிவைப்பதும் என் வேலையில் ஒன்றாக இருந்தது.

ஆரணியில் ஒரு நெசவுத் தெரு. கோடை வந்தால் அந்தத் தெருவில் போர்வெல் எல்லாம் காற்றைத்தான் இறைக்கும். டேங்கர் லாரி வருகிற சத்தம் கேட்டால் தறியை விட்டுவிட்டுக் குடத்தோடு ஓடுவார்கள். சார் அந்தத் தெருவுக்கு ஒரு திட்டம் போட்டார். வீட்டு மாடிகளில் விழும் மழையும் தெருவில் ஓடும் மழையும் வாய்க்கால் வழியாக வந்து, தெருமுனையில் ஒரு அகலமான கிணற்றில் இறங்கும். அந்தக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுப்பதற்கில்லை. மழையைப் பூமிக்குள் அனுப்புவதற்கு. வாய்க்கால் கிணற்றில் விழுகிற இடத்தில் ஒரு இரும்பு ஷட்டர், அதற்கு ஒரு பூட்டு. சாவி எங்கள் லேபில் இருந்தது. முதல் கட்டமாக இந்த ஒரு தெரு. சரியாக வந்தால் இரண்டாம் கட்டத்தில் ஊர் முழுக்கச் செய்ய மேலிடத்துப் பணம் வரும்.

கிணறு தோண்டும் முன்னால் வீடு வீடாகச் சர்வே எடுத்தோம். நெசவுக்காரர்கள் தறியில் உட்கார்ந்துவிட்டால் எழுந்து வந்து பேசுவது கஷ்டம். அமாவாசையன்று தறி ஓடாது, எல்லோரும் வீட்டில் ஓய்வாக இருப்பார்கள். அதனால் அமாவாசையாகப் பார்த்துப் போனோம். நல்ல யோசனை என்று அப்போது எல்லோரும் நினைத்தோம். வீடெல்லாம் கழுவிக் கோலம் போட்டு, சாம்பிராணி வாசனையோடு இருந்தது. தறிகள் மேல் துணி போர்த்தியிருந்தார்கள். மாணவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் தரைமட்டம் எடுத்தார்கள். எங்களுக்குப் பாய் விரித்து, காபி கொடுத்து, பேரன் பேத்தி படிப்பு வரைக்கும் பேசி அனுப்பினார்கள்.

கிணறு முடிந்தது. தேங்காய் உடைத்துத் திறந்தோம். முதல் மழையிலேயே போர்களில் தண்ணீர் ஏறியது. அந்தத் தெருவில் பவர்லூம் வைத்திருக்கிற தணிகாசலம் அண்ணன் லேபுக்கே வந்து ஜிலேபி கொடுத்தார். "சார், எங்க தெருவுக்கே நீங்க கொலசாமி மாதிரி" என்றார். எனக்குக்கூட அது கொஞ்சம் ஜாஸ்தியாகப் பட்டது. சார் ஜிலேபியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மழை வடிவதற்குள் அடுத்த மழை. கிணற்றின் நீர்மட்டம் நாங்கள் நினைத்ததைவிட நன்றாக ஏறிக்கொண்டே வந்தது. இரண்டாம் கட்டத்துக்காக நிபுணர் குழு மறுநாள் காலை வருவதாக இருந்தது. லேபில் எல்லோருக்கும் கால் தரையில் இல்லை. துறைத்தலைவர் புதுச்சட்டையில் வந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மத்தியானம் எனக்குக் கோமதி போன் செய்தாள். அந்தத் தெருவில் தறி நெய்கிறவள். பிறந்த வீடு முள்ளிப்பட்டு. வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜையில் என் பக்கத்தில் உட்காருவாள், அப்படிப் பழக்கம்.

"யக்கா, உங்க சாரை ஜல்தியா இட்டுகினு வரியா?"

"ஏன்டி, இன்னா ஆச்சு?"

"தறிக்குழில தண்ணி ஊறுதுக்கா. காலைலேர்ந்து எங்க வூட்டுக்காரு சொம்பால மொண்டு ஊத்திகினே கீறாரு. மொள்ள மொள்ள ஏறுது."

சாரிடம் சொன்னேன். அவர் கிணற்றின் நீர்மட்ட வரைபடத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். கையை எடுக்காமலே, "தறிக்குழியா? அந்தத் தெருவில் குழித்தறி ஏதும்மா? எல்லாம் தரைமேல நிக்கிற தறிதானே பார்த்தோம்" என்றார். பிறகு படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோடு மேலே மேலே ஏறியிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் இளைய விரிவுரையாளர் ஒருவரும் பின்னாலேயே ஓடினோம்.

கோமதி வீட்டுக் கூடத்தில் தறி. குழித்தறி என்றால், நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். நெடுக்கே கட்டிய பாவு நூல் தரையையொட்டித்தான் நீண்டு கிடக்கும். அரக்குச் சிவப்பில் பட்டு, அகலமான சரிகைக் கரை. கல்யாணப் புடவைகளுக்கான பாவு அது. மற்றதெல்லாம் நெய்தாகிவிட்டது, முகூர்த்தப் புடவை மட்டும் பாதியில் நின்றது. கோமதி குழிக்குள் காலை விட்டு நெய்துகொண்டே இருந்தாள். கால் வைக்கிற இடத்தில் தண்ணீர் பளபளத்தது. அவள் புருஷன் சேகர் குனிந்து குனிந்து மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

குழியின் ஓரத்தில் ஒரு பலகையும் சுருட்டிய பாயும் சாய்த்து வைத்திருந்தது. சார் அதைப் பார்த்தார். அமாவாசையன்று குழந்தைகள் விழாமல் இருக்கக் குழியை அந்தப் பலகையால் மூடி, மேலே பாயை விரித்து, எங்களை அதன்மேல்தான் உட்காரவைத்திருக்கிறார்கள். குழிக்கு மேலேயே உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, தரைமட்டம் எழுதிக்கொண்டு போயிருக்கிறோம்.

"நான் இறங்கிப் பார்க்கலாமாம்மா?" என்று கேட்டார் சார்.

"செருப்ப வெளிய வுட்டுட்டு எறங்குங்க சார். பாவு மேல மட்டும் கை வெச்சிடாதீங்க."

கோமதி எழுந்து வழிவிட்டாள். சார் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினார். கணுக்கால் முழுகியது. குழியின் மண்சுவரை நான்கு பக்கமும் தடவிப் பார்த்தார். மூன்று பக்கம் வெறும் ஈரம். தெருமுனைப் பக்கத்துச் சுவரிலிருந்து மட்டும் தண்ணீர் கசிந்து வந்துகொண்டிருந்தது.

"நம்ம தண்ணிதான்" என்றார். "கீழே பாறை. போக வழியில்லாம பக்கவாட்டில பரவியிருக்கு."

சேகர் சொம்பைக் கீழே வைத்தார். "அப்போ மழை நின்னா வடிஞ்சிடுமா சார்?"

"உடனே வடியாது."

"பாவு குடுக்கற மொதலாளி ஒரு மாதிரி சார். பட்டுல ஓதம் ஏறி, சரிகை கறுத்துதுன்னா அடுத்த பாவு எங்களுக்குக் கெடையாது. எங்களுக்கு இந்த ஒரு தறிதான்."

இளைய விரிவுரையாளர் சாரின் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். கெட்ட பிள்ளை இல்லை. எங்கள் எல்லோருடைய உழைப்பும் வீணாகிவிடுமே என்ற பயம்தான். "சார், நாளைக்குக் காலைல குழு வந்து போகட்டும். அப்புறம் மூடிக்கலாம். ஒரு நாள்தானே."

சார் கோமதியைப் பார்த்தார். "ஒரு நாள் தாங்குமாம்மா?"

"தாங்கும்னு எப்படி சார் சொல்றது? பட்டு கெட்டாத்தான் தெரியும். தெரிஞ்சப்பால ஒண்ணும் பண்ண முடியாது."

சார் பேனாவைத் தேடினார். சட்டைப்பையில் இல்லை. நானும் கொண்டுவரவில்லை. நான் மனதுக்குள் படவேட்டு ரேணுகாம்பாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கிணறும் நல்லது, தறியும் நல்லது. எதை மூடு, எதைத் திற என்று எந்தச் சாமியிடம் கேட்பது?

பிறகு சார் சொன்னதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். "போர்ல ஏறாத தண்ணி அடுத்த மழையில ஏறும். இந்தப் பட்டு கெட்டா எந்த மழையும் அதைச் சரிபண்ணாது. ஷட்டரை மூடுங்க. காலேஜ் பம்பைக் கொண்டுவந்து கிணத்துத் தண்ணியை வெளியே இறைங்க."

நெருக்கடி வந்தால் நம்மைச் சுற்றி எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யார் நஷ்டம் பெரிசு என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். எந்த நஷ்டத்தைத் திரும்பச் சரிசெய்ய முடியாதோ அதை முதலில் காப்பாற்றுங்கள். மற்றதற்கு அப்புறம் பதில் சொல்லிக்கொள்ளலாம். நான் வீட்டிலும் இப்படித்தான் நடந்திருக்கிறேன். என் பெண்ணின் படிப்பா, வீட்டுக்கு மாடியா என்று வந்தபோதுகூட.

பம்ப் வந்தது. பூமிக்குள் விட்ட தண்ணீரை நாங்களே குழாய் வைத்துச் சாக்கடையில் விட்டோம். தெருவே குடை பிடித்துக்கொண்டு கூடிவிட்டது. ஒரு சாயப்பட்டறைக்காரர் மட்டும் பேரல்களோடு ஓடிவந்து, "மழத்தண்ணி, பட்டுல சாயம் சும்மா ஜம்முனு புடிக்கும்" என்று பிடித்துக்கொண்டு போனார். மற்றவர்கள் முகம் நன்றாக இல்லை. தணிகாசலம் அண்ணன் குடையை மடக்கிக்கொண்டே முன்னால் வந்தார்.

"இன்னா சார் இது அநியாயம்? வெயில் காலத்துல நாக்கு தள்ளி நின்னோமே, மறந்துட்டீங்களா? நாலஞ்சு குழித்தறிக்காவ தெருவே காயணுமா?"

"கொஞ்ச நாளைக்குத்தாங்க" என்றார் சார்.

"ஏம்மா கோமதி, ஊரே மாறிடுச்சு, நீ மட்டும் இன்னும் குழில குந்திகினு கீற. தறிய எடுத்து மேல போட்டுக்கினா இந்தப் பேஜாரே இல்ல!"

கோமதி வாசலுக்கு வந்தாள். காலில் ஈரம் சொட்டியது. "பாவு ஏறுன தறிய எடுக்கச் சொல்றியே ண்ணா, நீயும் நெசவு வூட்ல பொறந்தவன்தானே? புள்ள வலி எடுத்துகினு கீறவளப் பார்த்து எழுந்து வூடு மாறுன்ற மாதிரி கீது நீ சொல்றது."

கூட்டத்தில் சிரித்துவிட்டார்கள். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. "பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. நாளைக்கு ஆபீசருங்க வருவாங்கல்ல, அவங்க கேக்கட்டும்" என்று போய்விட்டார்.

மறுநாள் காலை நிபுணர் குழு வந்தபோதும் பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. துறைத்தலைவர், "அவங்க இருக்கிற நேரமாவது நிறுத்துங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தார். சார் நிறுத்தவில்லை. குழுவில் மூத்தவராக இருந்தவர் குழாயைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், சாரைப் பார்த்தார்.

"தண்ணியை உள்ளே அனுப்பறதுக்குத்தானே இந்தத் திட்டம்?"

"ஆமாங்க. இந்தத் தெருவில குழித்தறி இருக்கிறதை நாங்க பார்க்கலை. தறி ஓடாத நாளா பார்த்து சர்வே பண்ணினோம். தரைமட்டம் எடுத்தோம், தரைக்குக் கீழே ஆளுங்க உட்கார்ந்து வேலை செய்யறதைக் கணக்கில எடுக்கலை."

குழுவில் இன்னொருவர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "கிணறு எதிர்பார்த்ததைவிட நல்லா வேலை செஞ்சதால வந்த பிரச்சினைன்னே எழுதிக்கலாமே."

"கிணறு வேலை செஞ்சுதுங்க. நாங்க செய்யலை" என்றார் சார்.

இரண்டாம் கட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். அந்த வருஷம் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. துறைத்தலைவர் சாரோடு பல நாள் பேசவில்லை. அதைப் பார்த்து நான் வருத்தப்பட்டேன், ஆனால் சார் செய்தது சரியா என்று சந்தேகப்பட்டதில்லை. இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் ஷட்டரை மூடத்தான் சொல்வேன்.

குழியில் தண்ணீர் மெல்ல இறங்கியது. அடுப்புக்கரியைத் தட்டில் கனியவைத்துக் குழிக்குள் இறக்கி ஓதம் போக்கினார்கள். கோமதி நெய்து முடித்துப் பாவு அறுத்த அன்று எனக்கும் ஆள் அனுப்பினாள். சேகர் புடவையை மடித்து மஞ்சள் துணியில் சுற்றி முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போனார். முதலாளி வெளிச்சத்தில் விரித்து, கரை முழுக்க விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே சொல்லாமல் அடுத்த பாவைக் கொடுத்தாராம். நெசவுக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பூஜையறையில் கற்பூரம் ஏற்றிவிட்டு கோமதியும் நானும் கொஞ்ச நேரம் அழுதோம்.

இனி ஷட்டரை யார் திறப்பது, எப்போது மூடுவது? அதற்காகத் தெருவில் ஒரு கூட்டம் போட்டோம். சார் பூட்டுச் சாவியை எடுத்து நடுவில் வைத்தார். "காலேஜ்ல இருந்துகிட்டு இந்தத் தெருவோட தண்ணியை நாங்க ஆளக்கூடாது. சாவி இங்கேயே இருக்கணும்."

தணிகாசலம் அண்ணன் கையை நீட்டினார். "நாயமா பார்த்தா எங்கிட்டதான் சார் தரணும். தெருவுல முக்காவாசிப் பேரு தண்ணி வேணும்ன்றவங்க."

சார் சாவியை எடுத்துக் கோமதியிடம் கொடுத்தார்.

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. "அவகிட்டயா? அவ தொறக்கவே மாட்டா சார்!" என்றார் அண்ணன். வேறு யாரோ, "அவ்ளோதான், பொங்கலுக்கு மேல டேங்கர்தான்" என்றார்கள்.

"யார் கால் நனையுதோ அவங்க கையில சாவி இருக்கட்டும்" என்றார் சார். "திறக்கலைன்னா என்னை வந்து கேளுங்க."

அவருக்கும் உள்ளூரப் பயம் இருந்தது. திரும்பி வரும்போது, "திறப்பாங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார். "தெரியலையே சார்" என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. புதுப் பாவு தறியில் ஏறிவிட்டது. நஷ்டம் வந்தால் அவளுக்குத்தான். பயத்தில் ஒருத்தி ஷட்டரை இழுத்துப் பூட்டிவைத்தால் யார் தப்புச் சொல்ல முடியும்? அந்தத் தெருவுக்கு அடுத்த கோடைக்குத் தண்ணீர் உண்டா இல்லையா என்பது அவள் மனதைப் பொறுத்திருந்தது.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. கோவிலுக்குப் போய்விட்டு அந்தத் தெரு வழியாக வந்துகொண்டிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது, வாய்க்காலில் தண்ணீர் சலசலவென்று ஓட ஆரம்பித்தது. வாசல்களில் எல்லோரும் நின்று தெருமுனையையே பார்த்தார்கள். தணிகாசலம் அண்ணன் குடையோடு அவர் வாசலில்.

கோமதி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சாவியோடு வந்தாள். நேராகப் போய்ப் பூட்டைத் திறந்தாள். சேகர் ஷட்டரைக் கொஞ்சம் தூக்கினார். தண்ணீர் உள்ளே விழும் சத்தம் கேட்டதும் அவள் வீட்டுக்குள் ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். தறியில் உட்கார்ந்து, காலைத் துடைத்துக் குழிக்குள் விட்டு, பாதத்தை மண்ணில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டாள். சாமி கும்பிடுகிற மாதிரிதான் இருந்தது.

"பயமா இல்லியாடி?" என்று கேட்டேன்.

"பயமாத்தான் கீதுக்கா. எனுக்கும் குடிக்கத் தண்ணி வேணாமா?" என்றாள். பிறகு தெருவுக்குக் கேட்கிற மாதிரி, "இன்னும் கொஞ்சம் தூக்கு!" என்று கத்தினாள்.

வெளியே தணிகாசலம் அண்ணன் குரல் கேட்டது. "போதும் வுடு கோமதி, அப்பால பாவுக்கு எதனா ஆயிடப் போவுது!"

"என் கால் இன்னும் காஞ்சுதான் கீது ண்ணா, நீ சும்மா இரு" என்றாள் கோமதி.